ஆயிரம் டாலருக்கு 25 சென்ட்: சியாட்டில் ரயிலும் வீட்டு வரியும்

1968 பிப்ரவரியில் சியாட்டில் வட்டார மக்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. நகர ரயில் கட்டலாமா, அதற்கான கடனை உங்கள் சொத்து வரியிலிருந்து அடைக்கலாமா? 50.8 சதவீதம் பேர் கட்டலாம் என்றார்கள். ஆனாலும் ரயில் வரவில்லை. சொத்து வரியை வழக்கமான வரம்புக்கு மேல் ஏற்றி அடைக்கும் கடனுக்கு வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி 60 சதவீத ஆதரவு வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது சட்டத்தின் கண்ணில் தோல்வியாகிவிட்டது.

2016 நவம்பரில் அதே வட்டாரத்தில், அதே சொத்து வரியை உள்ளடக்கிய ஒரு ரயில் திட்டம் மறுபடி வாக்குக்கு வந்தது. ஆதரவு 54 சதவீதம். பழைய 60 விதி பொருந்தியிருந்தால் அதுவும் தோற்றிருக்கும். இம்முறை வென்றது. இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கும் நடுவிலுள்ள 48 ஆண்டுகளில் மாறியது மக்களின் மனம் மட்டும் அன்று, வரி கேட்கும் முறையும் மாறியிருந்தது. அந்த மாற்றம் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். உள்ளூர் வீட்டு வரியை வைத்து ரயில் கட்ட நினைக்கும் எந்த ஊரும் சியாட்டிலின் கணக்கை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

முதல் தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். 1968இல் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஜிம் எல்லிஸ் என்ற வழக்கறிஞர். ஃபார்வர்ட் த்ரஸ்ட் என்ற பெயரில் பூங்கா, விளையாட்டரங்கம், சாலை, ரயில் என்று 12 தீர்மானங்களை ஒரே நாளில் மக்கள் முன் வைத்தார். ஏழு நிறைவேறின. ரயிலுக்கான 38.5 கோடி டாலர் கடன் பத்திரம் நிறைவேறவில்லை. உள்ளூர் பணத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கூட்டரசிடமிருந்து வரவிருந்தது. 1970 மே மாதம் மறுபடி கேட்டார்கள். அதற்குள் போயிங் நிறுவனம் பல்லாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. வேலை போன வீட்டில் வீட்டு வரியைக் கூட்டச் சொன்னால் என்ன பதில் வரும்? ஆதரவு 46 சதவீதத்துக்கு இறங்கியது. செனட்டர் வாரன் மேக்னசன் பாடுபட்டு ஒதுக்கி வைத்திருந்த கூட்டரசுப் பணத்தின் பெரும்பகுதி அட்லாண்டாவுக்குப் போனது. அங்கே மார்ட்டா ரயில் ஓடத் தொடங்கியது. சியாட்டிலில் மூத்தவர்கள் இன்றும் இதை ஓர் இழவுச் செய்தி போலத்தான் சொல்வார்கள்.

அடுத்த கால் நூற்றாண்டு பேருந்துதான். 1993இல் கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் என்ற மூன்று கவுன்டிகளின் (நம் மாவட்டங்கள் போன்றவை) நகர்ப்பகுதிகளைச் சேர்த்து சவுண்ட் டிரான்சிட் என்ற வட்டார அமைப்பு உருவானது. 1995இல் கேட்ட முதல் திட்டம் தோற்றது. அளவைக் குறைத்து 1996இல் கேட்டது வென்றது. 2008இல் இரண்டாவது திட்டமும் வென்றது. இந்த இரண்டிலும் சொத்து வரி கிடையாது. 1968இன் சூடு இன்னும் நினைவில் இருந்தது. விற்பனை வரியையும், சிறிய அளவில் கார் வரியையும் நம்பித்தான் தண்டவாளம் போட்டார்கள். 2009 ஜூலையில் சியாட்டிலில் முதல் இலகு ரயில் ஓடியது.

விற்பனை வரிக்கு இரண்டு குறை உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் தனிநபர் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் மாநிலம், கவுன்டி, நகரம், ரயில் எல்லாமே கடைக்காரரின் ரசீதில் வந்து குவிகின்றன. சம்பளம் முழுவதையும் செலவழித்தே தீர வேண்டிய குடும்பம் தன் வருமானத்தில் பெரிய பங்கை வரியாகக் கொடுக்கிறது. சேமிக்க முடிந்தவர் சிறிய பங்கைக் கொடுக்கிறார். பேருந்தையும் ரயிலையும் அதிகம் நம்பியிருப்பவர் யார் என்று யோசித்தால் இதன் கொடுமை தெரியும்.

இரண்டாவது குறை 2008இன் முடிவில் வெளிப்பட்டது. இரண்டாவது திட்டத்துக்கு மக்கள் ஆம் என்று சொன்ன அதே இலையுதிர் காலத்தில்தான் வங்கிகள் சரிந்தன. மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள், வரி வருவாய் பள்ளத்தில் விழுந்தது. தெற்கே ஃபெடரல் வே நகரின் எல்லையை நோக்கிப் போவதாக வாக்களித்திருந்த தடத்தை விமான நிலையத்துக்குத் தெற்கே ஒரே நிலையத்தோடு வெட்டிவிட்டார்கள். ஆங்கிள் லேக் என்ற அந்த நிலையம் 2016இல் திறந்தது. ஃபெடரல் வேக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 2025 டிசம்பரில். நடுவில் இருந்த அத்தனை ஆண்டும் அந்த ஊர்க்காரர் ஒவ்வொரு சாமான் வாங்கும்போதும் ரயில் வரி கட்டிக்கொண்டேதான் இருந்தார்.

பொருளாதாரம் படுத்தாலும் வீடு எழுந்து ஓடிவிடாது. சொத்து வரி ஆண்டுக்கு ஆண்டு அநேகமாக ஒரே சீராக வரும். கடன் கொடுப்பவருக்கும் அதுதான் பிடிக்கும். 2016இல் வாக்குக்கு வந்த மூன்றாவது திட்டம் வரையப்பட்டபோது சொத்து வரியை உள்ளே கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மற்றது நியாயம் பற்றியது. விற்பனை வரியை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போனால் சுமை ஏழையின் தோளிலேயே தங்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

2015இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதி கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. ரயில் கட்டும் செலவிலிருந்து 51.8 கோடி டாலரை வட்டாரக் கல்விக்குத் திருப்ப வேண்டும் என்றது. கட்டுமானம் முடிந்தபின் மிஞ்சும் நிலம் வீடு கட்ட ஏற்றதாக இருந்தால், அதில் குறைந்தது 80 சதவீதத்தை மலிவு வீடு கட்டுவோருக்கு முதலில் நீட்ட வேண்டும். அங்கே கட்டும் வீடுகளில் 80 சதவீதம், வட்டார நடு வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகாத குடும்பங்களுக்கு. மூன்று 80கள் என்று அங்கே இதைச் சொல்வார்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சட்ட நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. 1968இல் கேட்டது வரம்பு கடந்த வரி. 2016இல் கேட்டது மாநிலச் சட்டமே இடம் ஒதுக்கிக் கொடுத்த வழக்கமான வரி. வழக்கமான வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் வழக்கமான வரி என்றால் அதற்குரிய கடிவாளமும் கூடவே வரும். வாக்குச் சீட்டில் அது ஓரிரு சொற்களில் ஒளிந்திருந்தது. மதிப்பிட்ட ஒவ்வோர் ஆயிரம் டாலருக்கும் 25 சென்ட், “அல்லது அதற்குக் குறைவாக”. அந்தச் சொற்களை வாக்குச்சாவடியில் எத்தனை பேர் நின்று படித்திருப்பார்கள்!

கேட்ட மொத்தப் பொதி இது: கூடுதல் விற்பனை வரி அரை சதவீதம், கூடுதல் கார் வரி 0.8 சதவீதம், 25 சென்ட் சொத்து வரி. திட்டச் செலவு ஏறத்தாழ 5,400 கோடி டாலர். 62 மைல் புதிய இலகு ரயில், 37 நிலையங்கள், 25 ஆண்டுகள். வாக்குகளை எண்ணியபோது கிங் கவுன்டி தெளிவாக ஆதரித்தது. ஸ்னோஹோமிஷ் இழுபறியில் ஆதரித்தது. டகோமா நகரம் இருக்கும் பியர்ஸ் கவுன்டி மறுத்தது. மூன்றையும் கூட்டித்தான் முடிவு என்பதால் பியர்ஸ் மக்களும் வரி கட்ட வேண்டியதாயிற்று. அவர்களுடைய பணம் சியாட்டிலுக்குப் போகாது என்பதற்கு ஒரு காப்பு உண்டு. வட்டாரத்தை ஐந்து உட்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வசூலாவது அதன் பயனுக்கே செலவாக வேண்டும் என்பது விதி. இந்த விதி இல்லாமல் மூன்று கவுன்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்காது. அதே விதியால்தான், நிலம் மலிவான தெற்கில் வசூல் மெதுவாகவும், பெல்வியூ, ரெட்மண்ட் இருக்கும் கிழக்கில் வேகமாகவும் சேர்கிறது. மென்பொருள் வேலைக்கு வந்து கிழக்குப் பக்கம் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களின் வீட்டு வரிச் சீட்டிலும் இந்த வரி ஒரு வரியாக நிற்கிறது.

2017இல் புதுவரிகள் அமலுக்கு வந்ததும் வட்டாரமே கொதித்தது. எந்த வரிக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். கார் வரிக்காக. காரின் நம்பர் பிளேட்டில் ஆண்டுதோறும் ஒட்டும் சிறு வில்லைக்கான கட்டணச் சீட்டில் ரயில் வரி 0.3 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாக ஏறியிருந்தது. அட்டவணைப்படி 20,000 டாலர் பெறும் காருக்கு 60 டாலர் இருந்த இடத்தில் 220. அந்த அட்டவணையோ 1990களில் போட்டது. கார் பழசாகும் வேகத்தைக் குறைத்துக் கணக்கிட்டு, சந்தையில் கிடைக்கும் விலையைவிட அதிக மதிப்பு போட்டது. மாற்றலாமே என்றால் 1990களில் விற்ற கடன் பத்திரங்கள் அந்த அட்டவணையை நம்பி விற்கப்பட்டவை. அவை அடையும்வரை, 2028 வரை, தொட முடியாத நிலை. வரி கேட்பது ஒன்று, விற்கவே முடியாத விலையைப் போட்டு அதன்மேல் வரி கேட்பது வேறு. மக்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

அந்தக் கோபம் 2019இல் மாநில அளவிலான வாக்கெடுப்பாகி, கார் வில்லைக் கட்டணத்தை 30 டாலருக்குக் கட்டிப்போடும் தீர்மானமாக வென்றது. கிங் கவுன்டி மறுத்தும் மாநிலம் ஏற்றது. 2020 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம், ஒரே தீர்மானத்தில் பல பொருளைக் கலந்தது என்று சொல்லி அதை முழுதாகத் தள்ளிவிட்டது.

சொத்து வரிக்காக இப்படி யாரும் தெருவுக்கு வரவில்லை. காரணம் எளிது. கார் கட்டணம் ஒரே தாளில், ஒரே தொகையாக, கையில் வந்து விழுகிறது. வீட்டு வரி, வீட்டுக்கடன் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மாதத் தவணைக்குள்ளேயே கரைந்துபோகிறது. கடன் கொடுத்த நிறுவனம் மாதாமாதம் எடுத்து வைத்துக்கொண்டு ஏப்ரல் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் கவுன்டிக்குக் கட்டுகிறது. பள்ளி, நகரம், நூலகம், தீயணைப்பு, ரயில் என்று பத்துப் பதினைந்து வரிகள் ஒரே தொகைக்குள். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு முழு 25 சென்ட் என்றாலும் ஆண்டுக்கு 200 டாலர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பங்கின் பக்கத்தில் அது கண்ணில் படாது.

இப்படி அமைதியாக வந்த வரிக்குள்தான் திட்டத்தின் பெரிய பலவீனம் இருக்கிறது.

நம் ஊர் மாநகராட்சியில் சொத்து வரி என்றால் கட்டடத்தின் அளவையும் தெருவையும் வைத்துப் போடும் வாடகை மதிப்பு நினைவுக்கு வரும். அங்கே ஒவ்வோர் ஆண்டும் கவுன்டி மதிப்பீட்டாளர் வீட்டின் முழுச் சந்தை மதிப்பைப் போடுகிறார். வீட்டு விலை ஏறினால் வரி வருவாயும் ஏறும் என்று தோன்றும். ஏறாது. 2001இல் மக்கள் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: மறு வாக்கெடுப்பு இல்லாமல் எந்த அமைப்பின் வழக்கமான சொத்து வரி வசூலும் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. 2007 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சில வாரங்களிலேயே சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு அதே 1 சதவீதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. புதிதாக எழும் கட்டடத்தின் வரி மட்டும் இந்த வரம்புக்கு வெளியே.

ஒரு கணக்கு போடலாம். வட்டாரத்தின் மொத்த மதிப்பு 100, அதற்கு வரி 25 என்று வைப்போம். பத்தாண்டில் வீட்டு விலை இரண்டு மடங்காகி மதிப்பு 200 ஆகிறது. வரி ஆண்டுக்கு 1 சதவீதம்தான் கூடலாம் என்றால், புதுக்கட்டடத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், பத்தாண்டு முடிவில் 27.6. அதாவது 25 சென்ட் என்று தொடங்கிய விகிதம் ஏறத்தாழ 14 சென்ட்டாகத் தேய்ந்துவிடும். நடந்ததும் இந்தத் திசையில்தான். சில ஆண்டுகளிலேயே ரயில் வரி 20 சென்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. “அல்லது அதற்குக் குறைவாக” என்ற சொற்களின் பொருள் இதுதான். வீட்டுக்காரருக்கு இது நல்லதல்லவா என்று கேட்கலாம். ஒருவகையில் ஆம். ஆனால் சிமென்ட், இரும்பு, கூலி, நிலம் எதுவும் 1 சதவீதத்தில் நிற்பதில்லை.

நிலையம் வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். அது பொதுப்பணத்தால் ஏறும் விலை. ரயிலுக்குச் சொத்து வரி வேண்டும் என்பதற்கான ஆகப்பெரிய வாதமே, ரயில் உண்டாக்கும் அந்த உயர்வில் ஒரு துளியாவது ரயிலுக்குத் திரும்பி வரட்டும் என்பதுதான். சியாட்டிலில் அந்தத் துளி வருவதில்லை. நிலையத்தருகே விலை ஏறினால் அந்த வீட்டுக்காரரின் பங்கு கொஞ்சம் கூடி, மற்றவர் பங்கு கொஞ்சம் குறையும். மொத்தம் அதே 1 சதவீதம். நிலையத்தருகே தனி விகிதம் போடலாமா என்றால், ஒரே வரிவட்டத்துக்குள் ஒரே வகைச் சொத்துக்கு ஒரே விகிதம் என்ற அரசியலமைப்பு விதி குறுக்கே நிற்கிறது. அடுக்குமாடி எழுந்தால் மட்டும் புதுக்கட்டடக் கணக்கில் வருவாய் வரும். பழைய நிலத்தைச் சும்மா வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருப்பவருக்கு ரயில் ஏறத்தாழ இலவசப் பரிசு.

மதிப்பு உயர்வு முழுவதும் வீணாகிறது என்றும் சொல்ல முடியாது. அது வேறொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது. சவுண்ட் டிரான்சிட் மறு வாக்கெடுப்பில்லாமல் வாங்கக்கூடிய கடனுக்கு வரம்பு, வட்டாரச் சொத்து மதிப்பில் 1.5 சதவீதம். வீட்டு விலை ஏற ஏற அந்த வரம்பு ஏறும். அந்த வரம்பைத் தாண்டிக் கடன் வாங்க வேண்டுமானால் மக்களிடம் போக வேண்டும், 60 சதவீதம் வேண்டும். 1968இல் வாசலை அடைத்த அதே எண்! ஆக, நிலமதிப்பின் உயர்வு வரியாக வருவதில்லை, கடன் வாங்கும் தகுதியாக வருகிறது. வாங்கிய கடனை அடைக்க 1 சதவீதத்தில் நகரும் சொத்து வரியும், கார் வரியும், கடைவீதியின் விற்பனை வரியும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. நியாயத்துக்காகச் சேர்த்த வரி காலப்போக்கில் மெலிய, சுமை மறுபடி ரசீதுக்கே போகிறது. இந்த அமைப்பில் எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

வாடகைக்கு இருப்பவர் சொத்து வரி கட்டுவதில்லை என்று நினைப்பது தவறு. வீட்டுக்காரர் வாடகையில் சேர்த்துவிடுவார். அவருக்கு விலை உயர்வின் லாபம் கிடையாது, வாடகை உயர்வின் நெருக்கடி மட்டும் உண்டு. 2009இல் ரயில் வந்த ரெய்னியர் பள்ளத்தாக்கில் கறுப்பினத்தவரும் ஆசியக் குடியேறிகளும் நெருங்கி வாழ்ந்தார்கள். அங்கே இந்தப் பயம் இன்றும் பேசப்படுகிறது. மூன்று 80கள் சட்டம் இங்கே உண்மையிலேயே உதவுகிறது. ரூசவெல்ட் நிலையத்தை ஒட்டி, கட்டுமானத்துக்கு எடுத்து மிஞ்சிய நிலத்தில், சீடர் கிராசிங் என்ற பெயரில் 254 மலிவு வீடுகள் 2022இல் குடியேறத் தயாராயின. அதற்குமுன் கேப்பிட்டல் ஹில் நிலையத்தின் மேலே 110 வீடுகள். நிலமதிப்பின் உயர்வை வரியாகப் பிடிக்க முடியாத மாநிலம், நிலமாகவே பிடித்து ஏழைக்குக் கொடுத்த இடங்கள் இவை. திட்டத்தின் மிக நல்ல பகுதி என்று இதைத்தான் சொல்வேன். ரயில் வரி பற்றிய வாதங்களில் இது பேசப்படுவதே இல்லை.

செலவு என்ன ஆயிற்று? 2021இல் வருவாய்க்கும் செலவுக்கும் இடையே 650 கோடி டாலர் பள்ளம் இருப்பதாகக் கணக்கிட்டு, கால அட்டவணையை மாற்றினார்கள். மேற்கு சியாட்டில் 2030இலிருந்து 2032க்கு. டகோமா 2030லிருந்து 2032க்கு, பிறகு 2035க்கு. கிழக்கே கர்க்லண்ட், இசாக்வா தடம் 2041இலிருந்து 2044க்கு. மேற்கு சியாட்டில் தடத்தின் மதிப்பீடு மட்டும் 400 கோடியிலிருந்து 2024இல் 670 முதல் 710 கோடி டாலர் வரை போனது. நான்கே நிலையங்களுக்கு! நிலம் கையகப்படுத்தும் செலவு அதில் ஒரு பெரிய பங்கு. அதாவது ஏறிய நிலவிலை ரயில் அமைப்புக்கு வருவாயாக வராமல், வாங்க வேண்டிய பொருளின் விலையாக மட்டும் வந்து நிற்கிறது.

2025 சட்டமன்றக் கூட்டத்தொடரில் உள்ளூர் சொத்து வரியின் 1 சதவீத வரம்பை 3 சதவீதமாக்கும் யோசனை வந்தது. வீட்டுச் செலவு தாங்கவில்லை என்ற எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டார்கள். எதிர்த்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு வீட்டின் விலை ஏறியது சோற்றுக்கு உதவாது, வரி மட்டும் காசாகக் கேட்கும். அவர்களுக்காக மாநிலத்தில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது: 61 வயது நிறைந்த, குறைந்த வருமானமுள்ளவரின் வீட்டு மதிப்பை உறையவைத்து, வரியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது. அந்தச் சலுகையை இன்னும் அகலமாக்கி, வரம்பை விலைவாசியோடு நகர விட்டிருந்தால், 25 சென்ட் கேட்ட நோக்கம் பிழைத்திருக்கும். கூடவே நிலையத்தருகே சும்மா கிடக்கும் நிலத்துக்கு ஒரு பொறுப்பு வந்திருக்கும். இவை இரண்டையும் சேர்த்து மக்கள் முன் வைத்து யாரும் இதுவரை கேட்கவில்லை.

2016இல் 60 வயதில் ஆம் என்று வாக்களித்த இசாக்வாக்காரருக்கு, 2021இல் மாற்றிய அட்டவணைப்படி ரயில் வரும்போது வயது 88. ஒவ்வொரு பிப்ரவரியும் கவுன்டியிலிருந்து அவருக்கு வரிச் சீட்டு வருகிறது. அதில் ரயில் அமைப்பின் பெயருக்கு நேரே ஒரு சிறிய தொகை. அவர் வீட்டு வாசலில் பேருந்துதான் நிற்கிறது.